கஸ்பார் பங்கு

இதில் எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொன்னவர் ஜாபர் அண்ணன். சென்னையில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் கடையில் நில அளவைக் கருவிகளும் உலோகம் தேடும் மெஷின்களும் விற்கிறோம். வெளியூர் போய் மெஷினை இயக்கிக் காட்டுவது அவர் வேலை, ஃபோன் எடுப்பதும் பில் போடுவதும் என் வேலை. அவரும் ராயப்பர்துறைக்கு இரண்டு தடவைதான் போயிருக்கிறார், பாதியைப் பார்த்தார், மீதியை அங்கே டீக்கடையில் உட்கார்ந்து கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தப்பாக ஒன்றைச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். என்னால் சரிபார்க்க முடிந்தது ஒன்றுதான், அது கடைசியில் வரும்.

கஸ்பார் கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம், மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு, ராயப்பர்துறைக் கரையில் தங்கம் சூடாக ஒதுங்க ஆரம்பித்தது. முதலில் அதை மிதித்தவள் சிஞ்ஞாள் என்கிற மீன்காரி. முழங்கால் தண்ணீரில் நின்று கூடையை அலசிக்கொண்டிருந்தவளுக்கு உள்ளங்காலில் சுருக்கென்று சூடு பட்டது, சொறிமீன் என்று நினைத்துக் கத்திக்கொண்டு கரைக்கு ஓடினாள், கூடை மிதந்து போவதைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தாள், அதே இடத்தில் குனிந்து துழாவினாள், கையில் ஒரு மோதிரம் வந்தது, யாரோ அப்போதுதான் விரலிலிருந்து கழற்றிக் கொடுத்தது போல அதில் ஆள் சூடு இருந்தது. மறுநாள் ஒரு கம்மல் வந்தது, அதற்கு மறுநாள் ஞானஸ்நானச் சிலுவை ஒன்று, பிறகு காய்ச்சல்காரக் குழந்தையின் சூட்டோடு ஒரு காப்பு, பிறகு முகம் தெரியாத ஒருத்தியின் தாலி. எந்தக் கடலில் யார் முங்கிப் போனார்களோ, எந்தத் துறையில் யார் குளிக்கும்போது எதைப் பறிகொடுத்தார்களோ, எல்லாம் இந்தக் கரைக்கு வந்தன, வந்தவை ஆறவில்லை. மீன்பெட்டியில் ஐஸுக்குள் போட்டு வைத்த மோதிரத்தைக் காலையில் பார்த்தால், ஐஸில் மோதிரம் போன வழி ஒரு துளையாக இருந்தது, மோதிரம் பெட்டியின் அடியில் கிடந்தது, அப்போதும் சூடாக.

ஊர் ரொம்ப நேரம் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை, பங்கு பிரிக்க வேண்டியிருந்தது. மீனைப் பிரிக்கிற மாதிரியே பிரித்தார்கள், கோயிலுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, எடுத்தவருக்கு ஒன்று. டவுனில் நகைக்கடைக்காரர் ஒருவர் முதல் நாள் கையைச் சுட்டுக்கொண்டவர் போல உதறினார், அடுத்த வாரமே சேதாரத்துக்குக் கீழே 'சூட்டுக் கழிவு' என்று புதிதாக ஒன்றைப் போட்டுக் கழிக்கத் தொடங்கினார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முதலில் செத்தவர்கள் நகை வேண்டாம் என்றார்கள், பிறகு பரவாயில்லை என்றார்கள், பிறகு பெண் பார்க்க வந்த இடத்திலேயே, "சூட்டு நகையா போடுவியளா, சாதா நகையா?" என்று கேட்டார்கள். குளிர் மாதத்தில் தாய்மார்கள் பிள்ளைகளின் போர்வைக்குள் ஒரு வளையலைப் போட்டு வைத்தார்கள்.

கஸ்பாருக்கும் பங்கு உண்டு என்று சொன்னவர் ஊர்க் கமிட்டித் தலைவர் தொபியாஸ். "அவன் போன பெறவுதான இது வருது? அவன்தான் அங்க இருந்து தள்ளி விடுதான். கடலுக்குப் போன ஆளுக்குப் பங்கு இல்லன்னு எந்த ஊர்லவே உண்டு?" என்றார். கூட்டம் கைதட்டியது. அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் கஸ்பார் பங்கு ஒரு துணியில் முடிந்து அவன் மனைவி அமலோற்பவத்தின் வீட்டுக்குப் போனது. கொண்டுபோகிறவர்கள் வாசலில் நின்று, "ஒம் மாப்பிள நல்லா பாடுபடுதான் அமலு. ஒரு நாள் லீவு கெடையாது," என்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, வாங்கி ஒரு மண்பானையில் போட்டாள். பானை நிறைய நிறைய அந்த வீடு அடுப்பில்லாமலே சூடாகிக்கொண்டு வந்தது, பக்கத்து வீட்டுக் கோழி வந்து பானையோரம் முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டது, அடைகாக்காமலே குஞ்சு பொரித்தது.

அமலோற்பவத்துக்கு வேண்டியிருந்தது வேறு. அந்த ஊரில் வெறும் பெட்டியைப் புதைக்க மாட்டார்கள். கடலில் போனவன் உடம்பில் இருந்த ஏதாவது ஒன்று, ஒரு பல்லாவது ஒரு எலும்பாவது, பெட்டிக்குள் இருக்க வேண்டும். அது கிடைக்கும்வரை துக்க மணி அடிக்க மாட்டார்கள், பூசை வைக்க மாட்டார்கள், மனைவி தாலியைக் கழற்றக் கூடாது, தினமும் சாயங்காலம் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைக்க வேண்டும், காலையில் அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி அவளே தின்ன வேண்டும். கல்லறைத் திருநாள் அன்று எல்லோரும் அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, கல்லறை இல்லாதவள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடி அமலோற்பவம் அப்படித்தான் நின்றாள், மெழுகு விரலில் வழிய வழிய, ஊரே குனிந்து ஏற்றிவிட்டு நிமிர்ந்து வீட்டுக்குப் போகும்வரை.

ஆனால் கஸ்பார் உடம்பில் மற்றவர்கள் உடம்பில் இல்லாத ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில், வள்ளத்தைக் கரையேற்றும்போது அது சரிந்து அவன் வலது தொடையை முறித்தது. பெரியாஸ்பத்திரியில் எலும்புக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி நிமிர்த்தினார்கள். நொண்டிக்கொண்டே நடந்தான், இரும்புக்கால் கஸ்பார் என்று ஊர் பெயர் வைத்தது, அவனுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. பையன்கள் பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை எடுத்து வந்து அவன் தொடையில் ஒட்டிப் பார்ப்பார்கள், அது ஒட்டாமல் பொத்தென்று மணலில் விழும், "இரும்பு ஆழத்துல கெடக்குதுல. ஒங்க காந்தத்துக்கு அவ்வளவு தம் கெடையாது," என்பான். மீன் தின்றாலும் உப்பு அரித்தாலும் அந்தக் கம்பி இருக்கும் என்று அமலோற்பவத்துக்குத் தெரியும். தங்கமெல்லாம் இங்கே வருகிறதென்றால் கம்பியும் வந்திருக்கும், அலை உடைகிற இடத்துக்கு அப்பால், கால் எட்டாத ஆழத்தில் எங்கோ கிடக்கும்.

காலால் துழாவி எடுக்கக் கூடியதெல்லாம் கரையோரத்தில் தீர்ந்தபோதுதான் ஊர் மெஷினைப் பற்றி யோசித்தது. முதலில் யாரோ தரையில் தேடுகிற சாதா மெஷின் ஒன்றை வாங்கி வந்து அலையில் வைத்தார்கள், அது நிறுத்தாமல் கத்தியது. உப்புத் தண்ணீரிலும் மின்சாரம் ஓடும், அதனால் அந்த மாதிரி மெஷினுக்குக் கடல் முழுவதும் ஒரு பெரிய உலோகம்தான். "கடலையே தங்கம்னு சொல்லுதுவே," என்று சிரித்துவிட்டு எங்கள் கடைக்கு ஃபோன் செய்தார்கள். நான்தான் எடுத்தேன். தண்ணீருக்குள் போகக் கூடியது வேண்டும், கழுத்தளவு முங்கினாலும் கெடக் கூடாது என்றார்கள். ஜாபர் அண்ணன் இரண்டு மெஷின்களை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

காலையில் ஊரே கரையில் கூடியிருந்தது. அண்ணன் ஈர மணலில் ஒரு மோதிரத்தையும் ஒரு ஆணியையும் தள்ளித் தள்ளிப் புதைத்தார். முதல் மெஷின், கறுப்பு, உப்பைச் சட்டை செய்யவில்லை, மணலுக்குள் ரொம்ப ஆழம்வரை கேட்டது, மோதிரத்துக்கும் கத்தியது, ஆணிக்கும் அதே குரலில் கத்தியது. இரண்டாவது மெஷினில் சின்னத் திரை இருந்தது. அது பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் கேட்டுப் பார்த்து, கிடைத்தது என்ன மாதிரிப் பொருள் என்று ஒரு எண்ணாகக் காட்டும், ஆழம் கொஞ்சம் குறைவு, ஆனால் இரும்பை ஒதுக்கச் சொன்னால் ஒதுக்கிவிடும். அண்ணன் பொத்தானை அழுத்திவிட்டு ஆணியின் மேல் ஆட்டினார், சத்தமே இல்லை, மோதிரத்தின் மேல் ஆட்டினார், பாடியது. கூட்டம் ஓ என்றது.

"இதப் போடுங்க பாய்," என்றார் தொபியாஸ். "கடலுக்குள்ள பாதி ஆணி, மீதி தூண்டிமுள்ளு. எல்லாத்துக்கும் கத்துனா முங்கி முங்கி ஆணி பொறுக்கியே எங்க ஆயுசு போயிரும்."

பெண்கள் பக்கமிருந்து அமலோற்பவம் எழுந்து வந்தாள். பானையை இடுப்பில் வைத்திருந்தாள், சேலை அந்த இடத்தில் வியர்த்து ஒட்டியிருந்தது. பானையை அண்ணன் முன்னால் மணலில் வைத்தாள்.

"இது அவுக பங்கு. எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க. எல்லாத்துக்கும் கத்துற மெஷின வாங்குங்க."

"அமலு, சொல்லுதத கேளு..." என்றார் தொபியாஸ்.

"எம் புருசன் தொடையில இருக்கது இரும்பு மாமா. இரும்புக்குக் காது கேக்காத மெஷின வச்சி அவுகள எப்பிடித் தேடுவிய?"

அண்ணன் சொன்னார், அப்போது அந்தக் கூட்டத்தில் நாலைந்து பெண்கள் அவளுக்காகத் தலையாட்டினார்கள், இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் கறுப்பு மெஷினைத்தான் விற்றுவிட்டு வந்திருப்பேன் என்று. அதற்குள் சிஞ்ஞாள், முதல் மோதிரத்தை மிதித்தவள், மகளுக்குத் தை மாதம் நாள் குறித்திருந்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அவன எடுத்துப் பொதச்சிட்டா, பெறவு இது வருமா?"

அதுவரை ஒருத்தரும் சொல்லாத கேள்வி அது. சொல்லிவிட்ட பிறகு அதைக் கேட்காத மாதிரி இருக்க யாராலும் முடியவில்லை. தலையாட்டிய பெண்கள் மணலைப் பார்த்தார்கள். தொபியாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணனைப் பார்த்து, "பாய், நீங்களே சொல்லுங்க, இரும்ப ஒதுக்கி வச்சா அந்தக் கம்பிக்குக் கத்துமா?" என்றார். அண்ணன் நேர்மையான மனிதர். தெரிந்ததைச் சொன்னார். "இரும்புன்னா கத்தாதுங்க. ரொம்பத் துருப்பிடிச்ச பெரிய இரும்புன்னா எப்பவாவது ஏமாந்து கத்தும். மத்தபடி கத்தாது." அந்த ஊர் முழுக்க இரும்பு என்று சொன்னதை அவரும் இரும்பு என்றே எடுத்துக்கொண்டார்.

கஸ்பாரின் தம்பி லியோன் முன்னால் வந்தான். ஊரில் மூச்சடக்கி முங்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை, மெஷினைப் பிடிக்கப் போகிறவன் அவன்தான் என்று முன்பே முடிவாகியிருந்தது. பானையைத் தூக்கி அமலோற்பவத்தின் இடுப்பில் திரும்ப வைத்தான்.

"மதினி, மெஷின் கேக்காட்டியும் நான் கண்ண மூடிக்கிட்டா முங்கப் போறேன்? அண்ணன் கம்பி கண்ணுல பட்டா மொதல்ல ஒங்க வீட்டுக்குத்தான் கொண்டு வருவேன். மாதா மேல சத்தியம்."

திரை வைத்த மெஷினை வாங்கினார்கள். இரும்பை ஒதுக்கும் பொத்தானை அழுத்தி, அது தெரியாமல்கூட மாறிவிடாதபடி மேலே டேப் ஒட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்கு நல்ல காலம். காதில் ஹெட்ஃபோனோடு லியோன் கழுத்தளவில் நடப்பான், முங்குவான், எழுவான், கரையில் நிற்கிறவர்கள் அவன் எழும்போது கை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோயிலுக்குக் கோபுரம் எழும்பியது, ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின, சிஞ்ஞாளின் மகள் கழுத்தில் முகம் தெரியாத ஐந்து பெண்களின் சூட்டோடு மணவறை ஏறினாள், பாவம், பூசை முடிவதற்குள் வியர்த்துக் குளித்துவிட்டாள். கஸ்பார் பங்கும் தவறாமல் போனது. "இப்ப ஓவர்டைம் பாக்கான் போல," என்றார்கள். அமலோற்பவம் சாயங்காலம் சோறு மூடி வைத்தாள், காலையில் தண்ணீர் ஊற்றித் தின்றாள்.

ஒரு நாள் லியோன் வழக்கத்துக்கு முன்பே கடலை விட்டு வெளியே வந்தான். கை திறந்திருந்தது. "ஒண்ணுமில்ல, ஆணி," என்று சொல்லிவிட்டு மெஷினைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குப் போனான். அன்றிலிருந்து அவன் வலது உள்ளங்கை ஆறவில்லை. வாளித் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், தண்ணீர் வெதுவெதுவென்று ஆனது, மாற்றி ஊற்றினால் அதுவும் ஆனது. அவன் மனைவி தூங்கும்போது மேலே கை போடாதே என்று தள்ளிவிட்டாள். ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. பிள்ளைகளுக்கு வயிற்றுவலி என்றால் லியோன் வீட்டுக்குத் தூக்கிப் போய் அவன் கையை வயிற்றின் மேல் வைக்கச் சொன்னார்கள், வலி போனது.

கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம், நல்ல காற்று. அமலோற்பவம் கேட்டுக்கு வெளியே மெழுகுவர்த்தியோடு நின்றாள், அது அணைந்து அணைந்து போனது. உள்ளே போய்க்கொண்டிருந்த லியோன், பழக்கத்தில்தான், நின்று அவள் சுடருக்குக் குறுக்கே கையைக் குவித்துப் பிடித்தான். சுடர் நின்றது. அவள் சுடரைப் பார்க்கவில்லை. மெழுகுவர்த்தியைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தாள், விரித்தாள், தன் கன்னத்தில் வைத்தாள், ஊர் பார்க்கிறதென்று கூச்சப்படவில்லை.

"இந்தச் சூடு எனக்குத் தெரியும்," என்றாள். "அன்னைக்கு என்னத்த எடுத்த லியோன்?"

"ஆணி மதினி."

"ஆணிக்குக் கத்தாதுன்னுதானய்யா அந்த மெஷின வாங்குனீய?"

கல்லறைகளுக்கு நடுவே குனிந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். லியோன் கையை இழுத்துக்கொண்டான். தொபியாஸ்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார், "துருப்பிடிச்ச இரும்புக்கு எப்பவாவது கத்தும்மா. மெஷின் கொண்டாந்த பாயே சொன்னாருல்லா?" ஆமாம் ஆமாம் என்றது ஊர். சொன்னாரு, நானும் கேட்டேன் என்றார்கள். சிஞ்ஞாள் மட்டும் விரலில் ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரும் திரும்பக் குனிந்து அவரவர் மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள்.

மறுநாள் காலை அமலோற்பவம் பானையைச் சுமந்து போய்க் கடலில் கவிழ்த்தாள். மதியத்துக்குள் லியோன் மெஷினோடு இறங்கி ஒன்று விடாமல் எடுத்துவிட்டான். எடுத்ததைக் கோயிலுக்கு, ஊருக்கு, எடுத்தவனுக்கு என்று முறைப்படி பிரித்தார்கள், முறை தவறக் கூடாதென்று கஸ்பார் பங்கையும் பிரித்து வைத்தார்கள், சனிக்கிழமை அவள் வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஜாபர் அண்ணன் இரண்டாவது தடவை போனது ஹெட்ஃபோனுக்குள் தண்ணீர் இறங்கியதைச் சரிசெய்ய. அப்போது கரையிலிருந்து ஒரு தலை மட்டும் தண்ணீருக்கு மேலே மெதுவாக நகர்வதைப் பார்த்திருக்கிறார். அமலோற்பவம். கழுத்தளவு ஆழத்தில், அலை மோதும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்காலால் அடிமணலைத் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தாள். தினமும் நடக்கிறாள் என்றார்கள். சாயங்காலம் சோறு வைக்கிற நேரத்துக்கு ஏறிவிடுவாளாம். "காலு மரத்துப் போனவளுக்குச் சூடு எப்பிடித் தெரியும்?" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவரை அதட்டவுமில்லை.

அண்ணன் மெஷினை மாட்டிக் கொடுத்தபோது லியோன் அவரைப் படகு மறைவுக்குக் கூட்டிப் போனான். வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தான்.

"அண்ணே, இதுல ஒரே ஒரு நம்பர மட்டும் கேக்காம வைக்க முடியுமா?"

"எந்த நம்பர்?"

"பதினொண்ணு."

"வைக்கலாம். ஆனா மெல்லிசு மோதிரமெல்லாம் அதுலதானப்பா வரும். அதுவும் சேந்து போயிருமே. ஏன், என்ன தொல்லை?"

லியோன் கடலைப் பார்த்தான், தூரத்தில் நகர்கிற தலையைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்தில் பார்த்தான். "ஒரு ஆணிண்ணே. எவ்வளவு ஆழத்துல கொண்டு போட்டாலும் மறுநாளு எங் காலுக்குக் கீழேயே வந்து கெடக்கு." பிறகு, "மோதிரமும் போயிரும்னா வேண்டாம். இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

அண்ணன் இதை எனக்குச் சொன்னபோது சூட்டைப் பற்றியும் கோழிக்குஞ்சைப் பற்றியும் நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கு உறுத்தியது அந்தக் காந்தம், ஒட்டாமல் மணலில் விழுந்த ஸ்பீக்கர் காந்தம். எங்கள் கடைக்கு மூன்றாவது கடை, ஆஸ்பத்திரிகளுக்கு எலும்புக் கம்பி, தகடு, திருகு விற்கிற கடை. அங்கே போய், தொடை எலும்புக்குள் போடுகிற கம்பி ஒன்றைச் சாயங்காலம் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அது இரும்பு மாதிரி நடந்துகொள்ளாத எஃகு. ராயப்பர்துறைக்கு விற்ற அதே மாதிரி மெஷின் டெமோவுக்காகக் கடையில் இருக்கிறது. ஒரு தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு ஆணியையும் என் அம்மாவின் மெல்லிசு மோதிரத்தையும் அந்தக் கம்பியையும் தனித்தனியாகப் போட்டு, இரும்பை ஒதுக்கும் பொத்தானை அழுத்தினேன். ஆணிக்குச் சத்தம் வரவில்லை. மோதிரத்துக்கு வந்தது, பதினொன்று. கம்பியின் மேல் கொண்டுபோனேன். ஒரு தடவை போதாதென்று, மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மறுபடியும் கொண்டுபோனேன். இரண்டு தடவையும் மெஷின் நன்றாகவே கத்தியது, இரண்டு தடவையும் திரையில் பதினொன்று என்றே வந்தது.